விரிப்புக்குப் பின்னால் நிற்பது நான்

12 மார்ச் 2024, செவ்வாய்

புது முழங்கால் வைத்து இன்றுடன் ஐந்து கிழமை. பயிற்சி தரும் பெண், ஒவ்வொரு நாளும் எவ்வளவு நேரம் நடந்தேன், எவ்வளவு வலித்தது என்று எழுதிவைக்கச் சொன்னாள். மகள் கோபிகா இந்தக் கொப்பியை வாங்கித் தந்தாள். மட்டையில் ஒரு பூனை படுத்திருக்கிறது.

நடை: எட்டு நிமிடம். வாசலிலிருந்து தபால் பெட்டி வரை போய்த் திரும்பினேன். வலி: பத்துக்கு ஆறு. இவர் இன்று சமைத்த பருப்பு: பத்துக்கு இரண்டு. பருப்பைப் பற்றி எழுதச் சொல்லவில்லை. ஆனாலும் எங்காவது பதிவாகத்தானே வேண்டும்.

13 மார்ச், புதன்

மழை. ஹோலுக்கும் குசினிக்கும் இடையில் இருபது தடவை நடந்தேன். இவர் கதிரையில் இருந்து கிரிக்கெட் பார்த்தபடி ஒவ்வொரு தடவையும், "இது எத்தினையாவது ரன்?" என்று கேட்டார். வலி: நாலு. எரிச்சல்: ஒன்பது.

21 மார்ச், வியாழன்

இன்றைக்குக் கொஞ்சம் கூட எழுதவேண்டும்.

கோபிகாவுக்கு விடுமுறை. "அம்மா, ஒலிம்பிக் பார்க்கில நிலம் சமனா இருக்கும். உங்கட காலுக்கு நல்லது" என்று காரில் ஏற்றிக்கொண்டு போனாள். நாங்கள் ஈஸ்ட்ஹாமில் முப்பது வருடமாக இருக்கிறோம். ஸ்ட்ராட்ஃபோர்டில் இருக்கும் அந்தப் பூங்கா ஒன்றும் தூரமில்லை. 2012இல் ஒலிம்பிக் நடந்தபோது தெருவில் எல்லோரும் போனார்கள். நான் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. ஏன் என்று கோபிகா கேட்டாள். நேரம் கிடைக்கவில்லை என்றேன். "பன்னிரண்டு வருசமாவோ?" என்றாள்.

ஆற்றோரம் கால் மணி நேரம் நடந்தோம். காற்று காதை அறுத்தது. எனக்குக் கழிப்பறை தேவைப்பட்டது. அப்போதுதான் அந்தக் கட்டடம் கண்ணில் பட்டது. பூங்காவின் வரலாற்றைச் சொல்லும் சிறிய அருங்காட்சியகம். அனுமதி இலவசம். கழிப்பறை சுத்தம். இரண்டுக்காகவும் மனமார வாழ்த்தினேன்.

போன காரியம் முடிந்ததும் உள்ளே சுற்றினோம். ஒலிம்பிக் தீபம், தொண்டர்களின் சட்டை, ஏறி நின்று படம் எடுக்க மூன்று படி மேடை. நான் மூன்றாம் இடத்துப் படியில் ஏறினேன். அதற்கு மேல் முழங்கால் விடவில்லை. வெண்கலம் போதும்.

அடுத்த அறையில் ஒலிம்பிக்குக்கு முன்னால் அந்த நிலம் எப்படி இருந்தது என்று காட்டுகிறார்கள். சாயப் பட்டறைகள், எண்ணெய்ப் பீப்பாய்கள், தூக்கிப்போட்ட குளிர்சாதனப் பெட்டிகள் மலை மாதிரி. மண் முழுக்க நஞ்சு. எனவே அந்த மண்ணைத் தோண்டி எடுத்து, பெரிய இயந்திரங்களில் போட்டுக் கழுவி, திரும்பக் கொட்டியிருக்கிறார்கள். மண்ணையே சலவை செய்திருக்கிறார்கள்! நான் அதே இடத்தில் பன்னிரண்டு வருடம் ஹோட்டல் விரிப்புகளைச் சலவை செய்தவள். அந்த இயந்திரத்தின் படத்தை விட்டு நகர மனம் வரவில்லை. எத்தனை சூட்டில் கழுவினார்கள் என்றுதான் எழுதவில்லை.

திரும்பினால், சுவர் உயரத்துக்குப் பத்மா சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

எங்கள் சலவைத் தொழிற்சாலையில் எடுத்த படம். பத்மாசனி வெள்ளை விரிப்பு ஒன்றின் இரண்டு மூலைகளைப் பிடித்தபடி, வாய் முழுக்கத் திறந்து சிரிக்கிறாள். கீழே எழுதியிருந்ததைக் கோபிகா வாசித்தாள். "சலவைத் தொழிலாளி ஒருவர், 1998. பெயர் தெரியவில்லை."

ஒருவரா! மற்ற இரண்டு மூலையையும் காற்றா பிடித்துக்கொண்டு நிற்கிறது?

"கோபி, அது நான்" என்றேன்.

"எங்கையம்மா?"

"விரிப்புக்குப் பின்னால. நான் கையை உயர்த்தினதில முகம் மறைஞ்சுபோச்சு."

அவள் மூக்கு சுவரில் முட்டும்படி கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு, "அம்மா, உங்கட கட்டை விரல்!" என்று கத்தினாள். எங்கள் குடும்பத்துக் கட்டை விரல் குட்டையும் தட்டையுமானது. கோபிகாவுக்கும் அதேதான்.

கத்திய சத்தத்துக்கு ஒரு பெண் ஓடி வந்தாள். தலையில் முக்காடு, காலில் ஓட்டச் சப்பாத்து. பெயர் நஸ்ரின். அங்கே பொறுப்பாக இருப்பவள். விஷயத்தைக் கேட்டதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நாலு வருடமாக இந்தப் படத்தில் இருப்பவரைத் தேடுகிறார்களாம். இந்த அறையைப் புதுக்கி மே 11ஆம் திகதி திறக்கிறார்கள். புதிய பெயர்ப் பலகைகள் ஏப்ரல் கடைசியில் அச்சுக்குப் போகும். உயிரோடு இருப்பவர் பெயரைப் போட அவருடைய கையெழுத்து வேண்டும். இரண்டு படிவம் தந்தாள். ஒன்று எனக்கு. மற்றது சிரிக்கிறவருக்கு.

"அவர் இப்போது எங்கே இருக்கிறார், தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

22 மார்ச், வெள்ளி

நடை: பன்னிரண்டு நிமிடம். வலி: நாலு.

பத்மா என் எதிர்முனை. தொழிற்சாலையில் அப்படித்தான் சொல்வோம். இரட்டைக் கட்டில் விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இருவர் எதிரெதிரே நின்று உதறி, நடுவில் சேர்த்து, கைக்குக் கை மாற்றி, திரும்ப உதற வேண்டும். எதிர்முனைக்காரி சரியில்லையென்றால் நாள் முழுக்கச் சண்டை. பத்மா வந்த முதல் நாளே எங்கள் கைகள் பழகிவிட்டன. சொல்லத் தேவையில்லை. அவள் இடது தோள் அசைந்தால் நான் வலது காலை வைப்பேன். மத்தியானம் ஒரே மேசையில் சாப்பிடுவோம். அவரவர் பெட்டியை அவரவர்.

ஏன் தொடர்பு விட்டுப்போனது என்று கோபிகா கேட்டாள். 2007இல் தொழிற்சாலையை மூடினார்கள், அவரவர் வழியில் போனோம் என்றேன்.

28 மார்ச், வியாழன்

தனியாக பஸ் ஏறி அருங்காட்சியகம் போனேன்! இவர் பஸ் நிறுத்தம் வரை வந்து, நான் சந்திரனுக்குப் போவது மாதிரிக் கை காட்டினார்.

நஸ்ரின் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். என் ஆங்கிலத்துக்கு ஐந்து நிமிடம் போதும் என்று நினைத்தேன். ஐம்பது நிமிடம் போனது. நீராவியில் ஜன்னல் தெரியாமல் போவதைச் சொன்னேன். தலையணை உறைகளுக்குள் நாங்கள் கண்டெடுத்த பொருட்களைச் சொன்னேன். பொய்ப்பல் செட் மூன்று, கலியாண மோதிரம் ஒன்று, உயிருள்ள ஆமைக்குட்டி ஒன்று. ஆமையை நஸ்ரின் நம்பவில்லை. சத்தியம் செய்தேன். சிரித்துச் சிரித்து அவள் கண்ணைத் துடைத்தாள். இவ்வளவு காலமும் என்னிடம் இந்தக் கதைகளை ஒருவரும் கேட்டதில்லை என்பது திரும்பி வரும்போதுதான் உறைத்தது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த மனிதர், நான் தனியாகச் சிரிப்பதைக் கண்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

வெளிக்கிடும்போது நஸ்ரின் கேட்டாள், "உங்கள் தோழியைப் பற்றி ஏதாவது தெரிந்ததா?"

தேடுகிறேன் என்றேன்.

நடை எழுத மறந்துவிட்டேன். எவ்வளவோ நடந்தேன்.

1 ஏப்ரல், திங்கள்

எழுதிவிடுகிறேன். பத்மா கிங்ஸ்பரியில் இருக்கிறாள். ஸ்ட்ராட்ஃபோர்டில் ரயில் ஏறினால் மாறாமல் நேரே அங்கே இறங்கலாம்.

2006 ஆனியில் அவளுடைய மகள் சுபாங்கிக்குக் கலியாணம். பத்மாவுக்கு இங்கே கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. "நீ தான் என்ர சகோதரி. ஆரத்தித் தட்டு நீ தான் தூக்கவேணும்" என்று கேட்டாள். விரிப்பைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தேன். சேலைகூட எடுத்துவிட்டேன், மாம்பழ நிறத்தில்.

கலியாணத்துக்கு இரண்டு நாளைக்கு முன் என் மச்சாள் வீட்டுக்கு வந்தாள். "பத்மாவின்ர ஆக்கள் ஊரில எந்தக் குறிச்சி?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டாள். எங்கள் ஊரில் குறிச்சியின் பெயர் சொன்னால் போதும். யார் வீட்டுப் படலைக்குள் யார் போகலாம், யார் கையால் யார் சாப்பிடலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இவர் போகவேண்டாம் என்றார். அன்று எனக்குக் காய்ச்சலும்தான். போகவில்லை.

அதன் பிறகு தொழிற்சாலை மூடும் வரை ஒரு வருடம் நானும் பத்மாவும் எதிரெதிரே நின்று, ஒரு வார்த்தை பேசாமல் மடித்தோம். ஒரு விரிப்பும் பிசகவில்லை.

4 ஏப்ரல், வியாழன்

மரக்கறிக் கடைக்காரர் சிவநேசனுக்கு லண்டனில் உள்ள எல்லாத் தமிழர்களின் தொலைபேசி எண்ணும் தெரியும். கத்தரிக்காய் நிறுத்தபடியே பத்மாவின் எண்ணைச் சொன்னார்.

எடுத்தேன்.

"பத்மா, நான் மலர்."

"சொல்லுங்கோ" என்றாள்.

சொல்லுங்கோ! என்னை 'நீ', 'எடி' என்று அழைத்தவள். படத்தைப் பற்றிச் சொன்னேன். படிவத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்கள் கேட்டதுக்கு நன்றி. ஆனால் என்ர பேர் போடத் தேவையில்லை. இவ்வளவு காலமும் பேரில்லாமல் தானே அந்தச் சுவரில நிக்கிறன். நிக்கட்டும்."

"சுகமா இருக்கிறியளோ?" என்றேன். என் வாயிலும் மரியாதை வந்துவிட்டது.

"இருக்கிறன். வைக்கட்டோ?"

7 ஏப்ரல், ஞாயிறு

மூன்று நாளாகக் கோபமாக இருக்கிறேன். நல்ல விஷயத்துக்குத்தானே கேட்டேன்! இவ்வளவு கர்வம் கூடாது.

இன்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இவரிடம் அதைச் சொன்னேன். "எல்லாம் உங்களால வந்தது. நீங்கள் அண்டைக்கு மறிக்காட்டி நான் போயிருப்பன்" என்றேன்.

இவர் கத்தியைக் கீழே வைத்தார். இவர் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. "மலர், நான் எங்கை மறிச்சனான்? சேலையை அயன்பெட்டியால மினுக்கித் தந்ததே நான் தானே. நீ தான் போர்த்துக்கொண்டு படுத்தனீ" என்றார். திரும்ப வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

நான் குசினியை விட்டு வந்துவிட்டேன்.

பிறகு

முதலாம் திகதி எழுதியதை வாசித்துப் பார்த்தேன். இவர் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. காய்ச்சலும் இல்லை. மச்சாள் கோப்பையை மேசையில் வைத்தாள், அவ்வளவுதான். மற்றது எல்லாம் நான்.

அதை வெட்டவில்லை. அப்படியே இருக்கட்டும்.

14 ஏப்ரல், ஞாயிறு

புதுவருடம். பொங்கல், வடை, கோபிகா குடும்பம். தொலைபேசியை இரண்டு தரம் எடுத்தேன், இரண்டு தரம் வைத்தேன். தொலைபேசியில் கேட்கிற மன்னிப்பு இல்லை இது.

20 ஏப்ரல், சனி

கிங்ஸ்பரிக்குப் போனேன்.

முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்றிருப்பாள். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட. காலை நீட்டி இருக்க ஒரு பிள்ளை இடம் தந்தாள். வாழைப்பழச் சீப்பு ஒன்றும், கோபிகா வாங்கித் தந்த பெரிய கைத்தடியும் கொண்டு போனேன். சிவநேசன் சொன்ன விலாசத்தில் கதவைத் தட்டினேன்.

பத்மாதான் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருக்கிறது. நரையை மறைக்க மை பூசவில்லை. வடிவாகத்தான் இருந்தது. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள்.

"வாங்கோ. இருங்கோ" என்றாள்.

சுவரில் அவள் கணவர் நடராசாவின் படம், மாலையுடன். நாலு வருடத்துக்கு முன், ஒருவரும் யார் வீட்டுக்கும் போக முடியாத கொரோனா காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டுக்குப் போகாமல் இருக்க அந்தத் தடை அப்போது எனக்கு வசதியாகப் போயிற்று என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

உள்ளே கூழ் கொதிக்கும் வாசம். ஒடியல் மாவும் நண்டும் பலாக்கொட்டையும். எனக்கு வயிறு இரைந்தது. பத்மா குசினிக்குள் போய் ஒரு தட்டத்துடன் வந்தாள். தட்டத்தில் சோடாப் போத்தல் ஒன்று. மூடி திறக்கவில்லை. பக்கத்தில் திறப்பான். கிளாஸ் இல்லை.

"குடியுங்கோ. கடையில இருந்து வந்தபடியே இருக்கு. எங்கட கை படேல்லை" என்றாள்.

ஊரில் எங்கள் ஆட்களுக்கு அவர்கள் வீட்டுக்குப் போக நேர்ந்தால் சோடாதான். மூடி திறக்காத சோடா. என் அப்பா அப்படிக் குடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பத்மாவும் வேறு யாரோ ஒருவருடைய அப்பா குடிப்பதை எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்திருப்பாள்.

"பத்மா, அண்டைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை" என்றேன்.

"தெரியும்."

"இவர் மறிச்சதெண்டு எல்லாருக்கும் சொன்னன். அதுவும் பொய்."

"அதுவும் தெரியும். உங்கட மனுசன் கலியாணத்துக்கு வந்தவர் தானே."

நான் அவளைப் பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரியாதோ?" பத்மாவின் முகம் மாறியது. "வேலைச் சட்டையோட வந்தவர். தாலி கட்டி முடிஞ்சிட்டுது. பிள்ளையளை வாழ்த்திப்போட்டு, பந்தியில இருந்து வடிவாச் சாப்பிட்டவர். பாயாசம் ரண்டு தரம் கேட்டு வாங்கினவர். மலருக்கு உடம்பு சரியில்லை எண்டு மட்டும் சொல்லிப்போட்டுத் தலையைக் குனிஞ்சுகொண்டு போனவர். அந்த முகத்தைப் பார்க்கவே எனக்கு விளங்கிட்டுது."

அன்று இவர் மேலதிக வேலை என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டார். பதினெட்டு வருடமாக எனக்குச் சொல்லவில்லை. நான் வீட்டில் காய்ச்சல் இல்லாமல் போர்த்துக்கொண்டு படுத்திருக்க, இவர் அங்கே பாயாசம் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எழும்பினேன். முழங்கால் முறுகியது. பத்மா "என்ன, போறியளோ?" என்றாள். போகவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேரே குசினிக்குள் போனேன். தட்டுக்கழுவும் இடத்தில் கவிழ்த்து வைத்திருந்த கோப்பை ஒன்றை எடுத்தேன். அகப்பையால் கூழை அள்ளி ஊற்றினேன். பத்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொதிக்குது" என்றாள். பிறகு, "நண்டுக் கால் கிடக்கு, பாத்துக் குடி."

குடி என்றாள். குடியுங்கோ இல்லை.

நாக்கு வெந்தது. உறைப்பில் கண்ணால் நீர் ஓடியது. உறைப்பால்தான் என்று சொல்லலாம். அவள் சொல்ல விடவில்லை.

"நாளைக்குக் காய்ச்சல் வரும்" என்றாள்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்ததா, அவளுக்கு வந்ததா என்று தெரியாது. நான் அடுப்பைப் பிடித்துக்கொண்டும் அவள் கதவைப் பிடித்துக்கொண்டும் சிரித்தோம். மாடியில் இருந்து அவள் பேத்தி இறங்கி வந்து, இரண்டு கிழவிகளையும் பார்த்துவிட்டு, திறக்காத சோடாவை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

மூன்று கோப்பை குடித்தேன். இரண்டாம் கோப்பையின்போது பத்மா சொன்னாள்: "ஆரத்தித் தட்டைப் பக்கத்து வீட்டு மனுசி ஒண்டு தூக்கினது. கலியாணப் படம் முழுக்க அவதான் நிக்கிறா. அவவின்ர பேர்கூட இப்ப எனக்கு நினைவில்லை. நான் மறக்கேல்லை மலர். மறக்கவும் மாட்டன்."

"மறக்காதை" என்றேன்.

படிவத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. வெளிக்கிடும்போது அவள்தான் கையை நீட்டினாள். "எங்கை அந்தப் பேப்பர்? கொண்டு வந்திருப்பாய், எனக்குத் தெரியும்."

வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நல்ல பாயாசம்" என்றார்.

21 ஏப்ரல், ஞாயிறு

காலை ஏழு மணிக்குப் பத்மா தொலைபேசியில் எடுத்தாள். "காய்ச்சல் அடிக்குதோ?" "இல்லை." வைத்துவிட்டாள்.

26 ஏப்ரல், வெள்ளி

இரண்டு படிவத்தையும் நஸ்ரினிடம் கொடுத்தேன். யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று கேட்டாள். பத்மாவைத் தொலைபேசியில் கேட்டேன். "முகம் தெரியிறவை முதல்" என்றாள். நியாயம்தான்.

பயிற்சிப் பெண் இந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு வலியையா எழுதியிருக்கிறீர்கள் என்று பயந்துபோனாள். நல்லவேளை, அவளுக்குத் தமிழ் தெரியாது.

11 மே, சனி

அறையைத் திறந்துவிட்டார்கள்!

எங்கள் பக்கம் நான், இவர், கோபிகா. அவர்கள் பக்கம் பத்மா, சுபாங்கி, பேத்தி. பத்மா நீலக் காஞ்சிபுரம், தலையில் மல்லிகை. "படத்தில அந்தப் பழைய சட்டையோட நிக்கிறன். இண்டைக்காவது வடிவா நிக்கவேண்டாமோ?" என்றாள்.

புதிய பலகையை நானே வாசித்தேன். "பத்மாசனி நடராசா, இராசமலர் கணேசலிங்கம் (விரிப்புக்குப் பின்னால்). 1998." இரண்டு பெயரிலும் எழுத்துப் பிழை இல்லை. இந்த நாட்டில் அது பெரிய விஷயம்.

நஸ்ரின் எல்லோருக்கும் எங்களைக் காட்டினாள். பிறகு, இந்தப் படத்தைப் பார்க்கிற எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு, அன்று ஏன் அப்படிச் சிரித்தீர்கள் என்று பத்மாவிடம் கேட்டாள்.

பத்மா என்னைப் பார்த்தாள். தமிழில் சொன்னாள், கோபிகா ஆங்கிலத்தில் சொன்னாள். "அண்டைக்கு மனேச்சர் படம் பிடிக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து, ஒருத்தரும் சிரிக்கக்கூடாது, வேலை செய்யிற மாதிரி நில்லுங்கோ எண்டு உத்தரவு போட்டவர். இவள் விரிப்புக்குப் பின்னால நிண்டுகொண்டு, அதே குரலில, அதே இருமலோட, திரும்ப ஒருக்காச் சொன்னவள். எனக்கு அடக்கேலாமல் போச்சு. படத்தில சத்தம் விழாது தானே."

அந்த இருமலை இப்போது செய்து காட்டச் சொன்னார்கள். செய்தேன். முழு அறையும் சிரித்தது. இவர் பெருமையோடு கைதட்டினார்.

சுபாங்கி மட்டும் தள்ளி நின்றாள். அந்தக் கலியாணப் பெண் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். கிட்டப் போனேன்.

"சுபா, உன்ர கலியாணத்துக்கு நான் வந்திருக்கவேணும்."

"ஓம் அன்ரி, வந்திருக்கவேணும்" என்றாள். என் முகத்தை நேரே பார்த்துத்தான் சொன்னாள். நான் அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில், "அம்மாவுக்கு ட்ரெயினில தனிய வரப் பயம். ஆனா வெளியில சொல்லமாட்டா. இனி வரேக்கை நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். அது மன்னிப்பா என்று தெரியாது. ஒரு பொறுப்புத் தந்திருக்கிறாள். செய்வேன்.

அறையின் நடுவில் கண்ணாடி மேசை ஒன்று வைத்திருக்கிறார்கள். பழைய வரைபடத்தின்மேல் புதிய பூங்காவின் வரைபடம். பித்தானை அமுக்கினால் பழைய தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக ஒளிரும். பத்மா எல்லாப் பித்தானையும் அமுக்கிப் பார்த்தாள். எங்கள் சலவைத் தொழிற்சாலை ஒளிர்ந்ததும் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக் குனிந்தாள்.

"எடி மலர், இஞ்சை பார்! நாங்கள் நிண்டு மடிச்ச இடத்தில இப்ப நீச்சல் குளம்!"

அங்கேதான் உலக வீரர்கள் நீந்தினார்களாம். இப்போது யாரும் போகலாம், செவ்வாய்க்கிழமை காலையில் பெண்களுக்கு மட்டும் என்றாள் நஸ்ரின். வயதானவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளும் உண்டாம்.

பத்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இடது தோள் அசைந்தது.

"வேண்டாம்" என்றேன்.

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே" என்றாள்.

21 மே, செவ்வாய்

கிங்ஸ்பரி போய்ப் பத்மாவைக் கூட்டிக்கொண்டு, அதே ரயிலில் திரும்பி ஸ்ட்ராட்ஃபோர்ட் வந்தேன். காலை ஆறு மணிக்கே வெளிக்கிட்டேன். காலில் வலி இருந்ததா என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை.

கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிற நீச்சல் உடுப்பு, நஸ்ரின் சொன்ன கடையில் வாங்கியது. உடுப்பு மாற்றும் அறையில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து ஐந்து நிமிடம் சிரித்தோம். பத்மா, "நாங்கள் ரண்டு பேரும் கத்தரிக்காய் மாதிரி இருக்கிறம்" என்றாள். அவள் கறுப்புக் கத்தரி. நான் ஊதா.

அம்மாடி, அந்தக் கூரை! திமிங்கிலம் ஒன்றின் வயிற்றுக்குள் நிற்பது போல. தண்ணீர் அப்படியே நீலம். ஆழம் குறைந்த பக்கத்தில் படியைப் பிடித்து இறங்கினோம். இளஞ்சூடு. தண்ணீருக்குள் என் முழங்கால் இருபது வயதுக்காரியின் முழங்கால்.

சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்கு இருபது வயது இருக்கும். ஒருவர் மற்றவரின் முதுகைத் தாங்க, மற்றவர் உடம்பைத் தளர்த்திப் பின்னால் சாயவேண்டும், தண்ணீர் தாங்கிக்கொள்ளும் என்றாள்.

"உது பொய்" என்றாள் பத்மா தமிழில்.

நான் முதலில் சாய்ந்தேன். காதுக்குள் தண்ணீர் போய்ச் சத்தமெல்லாம் அடங்கியது. பத்மாவின் இரண்டு கையும் என் முதுகுக்குக் கீழே. கூரை மட்டும் தெரிந்தது. அந்த இடத்தில் நான் பன்னிரண்டு வருடம் நின்றிருக்கிறேன். படுத்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை. எழும்ப மனமே வரவில்லை.

பிறகு அவள் முறை. மூன்று தரம் சாயப் போய் மூன்று தரமும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாலாம் தரம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சாய்ந்தாள். நரைத்த தலைமயிர் தண்ணீரில் விரிந்தது.

"பிடிச்சிருக்கிறியோ?"

"பிடிச்சிருக்கிறன்."

"மலர், விட்டிடாதை!"

"விடேல்லையடி. நல்லாப் பிடிச்சிருக்கிறன்."

என் இரண்டு கையும் தண்ணீருக்கு மேலே இருந்தன. அந்தப் பிள்ளை அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொய்" என்றாள் பத்மா, கண்ணைத் திறக்காமல். மிதந்துகொண்டே சிரித்தாள்.